பாலத்தைப் பார்த்துப் புறப்பட்டவர்கள்

அந்தப் படத்தைத் தன் மனைவியிடம் காட்டியது மாப்பிள்ளைதான். பின்னாளில் யார் கேட்டாலும் மாமியார் அதைத்தான் முதலில் சொல்வார். "எங்க மேல ஒரு தப்பும் இல்ல. பேப்பரை வீட்டுக்குக் கொண்டுவந்தது இவர்."

மாமியார் வாசலில் நின்று கூப்பிடுகிற குரல் தெருமுனை வரைக்கும் கேட்கும் என்பதால் தெருவில் எல்லோருக்கும் அவன் மாப்பிள்ளை. அவன் வேலை பார்த்த சலூனில் முதலாளிகூட, "மாப்பிள்ளை, அடுத்த ஆளைப் பாரு" என்றுதான் சொல்வார். கத்தரிக்கோல் பிடித்த கை நிதானமானது. ஆனால் மனசு அப்படியில்லை. வீட்டுக் கதவைப் பூட்டினோமா என்று பாதி வழியில் திரும்பி வந்து பார்க்கிற ரகம்.

அவன் மனைவி வெல்டர். ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி, தண்ணீர்த் தொட்டிக்குத் தாங்குகால் என்று ஒட்டுகிற பட்டறையில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே வேலை. பட்டறைக்காரர் இடத்தை விற்றுவிட்டுப் போய்விட்டதால் சில வாரங்களாக வீட்டில் இருந்தாள். சும்மா இருக்கவில்லை. கதவுக் கீலைச் சரிசெய்தாள், கட்டில் காலை நிமிர்த்தினாள், பக்கத்து வீட்டு சைக்கிளைக் கேட்காமலே கழற்றி மாட்டினாள். இன்னும் கொஞ்ச நாள் போனால் தன்னையும் கழற்றிவிடுவாள் என்று மாப்பிள்ளை பயந்தான்.

அலமாரித் தட்டில் விரிக்கலாம் என்று சலூனிலிருந்து பழைய பேப்பர்க் கட்டு ஒன்றைக் கொண்டுவந்தான். மேலாக இருந்த பேப்பரில் ஒரு பெரிய படம். கடலில் போய்ச் சேருகிற அகலமான ஆறு. இரண்டு பக்கமும் வானத்துக்கு எழும்பிய இரண்டு கோபுரங்கள். ஒவ்வொரு கோபுரத்திலிருந்தும் ஒரு கை நீண்டு வந்து, நடுவில் ஒன்றையொன்று தொடாமல் நின்றது. "இங்க பாரேன், எவ்வளவு பெருசு" என்று அவன்தான் சொன்னான்.

அவள் வாங்கிப் பார்த்தாள். தேநீர் ஆறிப்போகிற வரைக்கும் பார்த்தாள்.

"ஏங்க, இதை யாரு ஒட்டுறாங்க?"

"யாராவது வெல்டருங்கதான்."

"நானும் வெல்டர்தானே."

அந்த ஒரு 'தானே'யில் அவர்களுடைய வாடகை வீடு, கட்டில், பீரோ, அவனுடைய சலூன் வேலை எல்லாமே ஆட்டம் கண்டுவிட்டன. அது வேற மாநிலம் என்றான். ஆமா என்றாள். அங்கே நமக்கு ஒரு ஈ காக்காயைக்கூடத் தெரியாது என்றான். அதற்கும் ஆமா. போய் இறங்கினால் வேலை இல்லை, தங்க இடம் இல்லை என்றான். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஆமா, ரெண்டும் இல்லதான் என்று ஒத்துக்கொண்டாள். எல்லாவற்றுக்கும் ஆமா போடுகிறவளோடு எப்படித்தான் மல்லுக்கு நிற்பது?

மாமியாரிடம் போனான். இந்த வயதில் ஊர்விட்டு ஊர் போக அவர் சம்மதிக்கமாட்டார், ஒரே அதட்டலில் மகளை உட்காரவைத்துவிடுவார் என்று நம்பினான். மாமியார் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பஸ்ஸா, ரயிலா?"

அவ்வளவுதான், முடிந்தது. மூன்று பேரும் கிளம்பினார்கள். அவளுடைய பையில் கருப்புக் கண்ணாடி வைத்த முகமூடியும் தோல் கையுறைகளும். அவனுடைய பெட்டியில் கத்தரிக்கோல், சீப்பு, சவரக்கத்தி. மாமியார் மட்டும் குக்கரை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். எங்கே போனாலும் பசி கூடவே வரும், அதுக்கு மட்டும் வீடு வாசல் வேண்டாம் என்றார்.

ரயில் அவர்களை இறக்கிவிட்ட காலையில் மூடுபனி தரை வரைக்கும் இறங்கிக் கிடந்தது. ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த கடைகளே தெரியவில்லை. விளக்குகள் மட்டும் மஞ்சளாக மிதந்தன. மகள் வழியில் போன ஒருவரை நிறுத்திப் பாலம் எங்கே இருக்கிறது என்று கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே கையை மேலே காட்டிவிட்டு நடந்துவிட்டார். ஊருக்குப் புதிதாக வந்தவர்களைக் கிண்டல் செய்கிறார் என்று மாப்பிள்ளைக்குக் கோபம் வந்தது.

சத்தம் வந்த திசையில் நடந்தார்கள். எங்கோ இரும்பை இரும்பு தட்டுகிற சத்தம். ஒவ்வொரு தட்டலும் காதுக்கு வந்து சேர்ந்த பிறகும் நெஞ்சுக்குள் கொஞ்ச நேரம் நின்றது. ஆற்றங்கரைக்கு வந்தபோது காற்று வீசியது. பனி மெல்ல விலகத் தொடங்கியது.

முதலில் ஒரு கம்பி தெரிந்தது. எதிலும் கட்டாமல் வானத்திலிருந்து சாய்வாக இறங்கி வந்த மாதிரி. பிறகு அதன் பக்கத்தில் இன்னொன்று, அதன் பக்கத்தில் இன்னொன்று. ஒரு பிரம்மாண்டமான யாழின் நரம்புகள் மாதிரி அவை வரிசையாக வெளிப்பட்டன. பிறகுதான் கோபுரம். கீழ்ப்பாதி மட்டும் தெரிந்தது. மேல்பாதி இன்னும் மேகத்துக்குள் இருந்தது. அவர்கள் தூரத்திலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அதன் காலடியிலேயே நின்றுகொண்டிருந்தார்கள். நிமிர்ந்து பார்த்துப் பார்த்து மாப்பிள்ளைக்குப் பின்கழுத்து வலித்தது. அவர்களுடைய பழைய தெரு முழுவதையும் செங்குத்தாக நிறுத்தி, அதன் தலையில் இன்னொரு தெருவை நிறுத்தினாலும் அந்த உச்சியைத் தொடுமா என்று சந்தேகமாக இருந்தது.

மாமியார் குக்கரைத் தரையில் வைத்தார். அவர் பேசாமல் நின்றதை மாப்பிள்ளை அதுவரை பார்த்ததே இல்லை. வெகுநேரம் கழித்து, கோயிலுக்குள் பேசுகிற மாதிரி தணிந்த குரலில் கேட்டார்.

"இதையா மனுஷன் கட்டுறான்?"

மகளின் கண்கள் கோபுரத்திலும் இல்லை, கம்பிகளிலும் இல்லை. நடுவானத்தில் நீண்டு வந்து சட்டென்று நின்றுபோன அந்தக் கையின் நுனியில், குண்டூசித் தலை அளவுக்கு ஒரு வெளிச்சம் விட்டுவிட்டு மின்னியது. யாரோ ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

மலைப்பு ஒரு பக்கம் இருக்க, மத்தியானத்துக்குள் உண்மை நிலவரம் தெரிந்துவிட்டது. வேலையிடத்து வாசலில் இருந்தவர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். வெல்டர் தேவைதான், ஆனால் சோதனையில் தேறினால்தான் உள்ளே விடுவார்கள், அடுத்த சோதனைக்கு ஒரு வாரம் ஆகும் என்றார். பெண் வெல்டரா என்று அவர் வியக்கவில்லை. உள்ளே ஏற்கெனவே சிலர் இருப்பதாகச் சொன்னார். அது அவளுக்குத் தெம்பாக இருந்தது. ஆனால் தங்குவதற்கு இடம் கிடைக்கவில்லை. ஊரே பாலத்து வேலைக்காரர்களால் நிரம்பி வழிந்தது, பாதிப் பேர் தமிழ் பேசுகிறவர்கள். ஒரு விடுதியில், பகல் வேலைக்காரர் எழுந்து போன சூடு ஆறுவதற்குள் இரவு வேலைக்காரர் அதே கட்டிலில் வந்து படுத்துவிடுகிறார் என்றார்கள். இன்னொன்றில் மாடிப்படிக்கு அடியிலும் ஆள் இருந்தது.

தெருத்தெருவாக அலைந்ததில் மாமியாருக்கு முழங்கால் விட்டுப்போய்விட்டது. எதிரில் தெரிந்த ஒரு சலூனுக்குள் நுழைந்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிறேன் என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். மகளும் மாப்பிள்ளையும் மூட்டைகளோடு வாசலில் நின்றார்கள். உள்ளே பெஞ்சு நிறைய ஆட்கள். மூன்று சாய்வு நாற்காலிகள் இருந்தும் வெட்டுவதற்கு சலூன்காரர் ஒருத்தர்தான். கூட இருந்த ஆள் பாலத்துக்குப் பெயிண்ட் அடிக்கப் போய்விட்டானாம். சலூன்காரர் ஒரு தலையை வெட்டிக்கொண்டே அடுத்த தலையைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தார்.

மாமியார் கொஞ்ச நேரம் பார்த்தார். பொறுக்கமுடியவில்லை.

"எங்க மாப்பிள்ளை நல்லா வெட்டுவார்" என்றார்.

மாப்பிள்ளைக்குக் கூச்சத்தில் காது சிவந்துவிட்டது. வாசலில் இருந்தபடியே வேண்டாம் என்று சைகை காட்டினான். சலூன்காரர் அவனைப் பார்க்கவில்லை, அவன் கையில் இருந்த தேய்ந்துபோன மரப்பெட்டியைப் பார்த்தார். பிறகு நடு நாற்காலியைத் துண்டால் தட்டிவிட்டார்.

மாப்பிள்ளை வெட்டினான். முதல் ஆளின் பின்கழுத்துக் கோட்டை அவன் இழுத்து முடித்தபோது சலூன்காரர் தன் வேலையை நிறுத்தி எட்டிப் பார்த்தார், பார்த்துவிட்டு அடுத்த ஆளையும் அவனிடமே அனுப்பினார். சாயங்காலம் வரை நிமிர நேரமில்லை. ஷட்டரை இறக்கப் போகும்போதுதான், எங்கே தங்கியிருக்கீங்க என்று கேட்டார். மாப்பிள்ளை மனைவியைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள்.

"அதைத்தான் நாங்களும் யோசிச்சிட்டு இருக்கோம்" என்றார் மாமியார்.

சலூன்காரர் தலையைச் சொறிந்தார். தன் வீட்டில் ஒரே அறைதான், அதில் ஏற்கெனவே கொழுந்தியாள் குடும்பம் இருக்கிறது என்றார். பிறகு நாற்காலிகளைப் பார்த்தார்.

"நல்லா சாயும்" என்றார். "தலைக்கும் இடம் இருக்கு."

இப்படித்தான் புது மாநிலத்தில் அவர்களுடைய முதல் வீடு சலூன் ஆனது. ஆளுக்கொரு நாற்காலி. போர்த்திக்கொள்ளச் சுத்தமான வெள்ளைத் துணிகள். முதல் நாள் காலையில் மாப்பிள்ளை கண்விழித்தபோது ஷட்டர் இடுக்கு வழியாக வெயில் நுழைந்து கண்ணாடியில் பட்டது. எதிரும் புதிருமாக மாட்டியிருந்த கண்ணாடிகளில், வெள்ளைத் துணி போர்த்திய மாமியார்கள் ஒருவர் பின் ஒருவராக, கண்ணுக்கு எட்டுகிற தூரம் வரை தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு மாமியாருக்கே ஈடுகொடுக்க முடியாமல் இருந்தவனுக்கு அந்தக் காட்சியில் தூக்கம் பறந்துவிட்டது. அந்த வரிசையில் ஒவ்வொரு மாமியாருக்குப் பக்கத்திலும் அவன் மனைவி இருந்தாள். அவள் மட்டும் எல்லாக் கண்ணாடியிலும் விழித்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரத்தில் மாப்பிள்ளை பாலத்தைத் தலைகளின் வழியாகத் தெரிந்துகொண்டான். ஹெல்மெட் போட்டுப் போட்டு முடி வட்டமாகப் படிந்திருக்கும். கிரேன்காரர்களுக்குக் கழுத்தின் ஒரு பக்கம் மட்டும் கருத்திருக்கும், கண்ணாடிக்குள் உட்கார்ந்து எப்போதும் ஒரே பக்கம் பார்ப்பதால். பெயிண்ட்காரர்களின் காதுக்குப் பின்னால் சாம்பல் நிறப் புள்ளிகள். தலையைக் கழுவினால் தொட்டியில் இரும்புத்தூள் இறங்கும். எல்லோரும் அதே பாலத்தைப் பற்றித்தான் பேசினார்கள், ஏதோ வீட்டில் பிரசவம் எதிர்பார்த்திருக்கிற மாதிரி. இன்னும் இத்தனை துண்டு, இன்னும் இத்தனை வாரம். வெயில் ஏறினால் பாலம் நீளுமாம், குளிர்ந்தால் சுருங்குமாம். ஒருவர் சொன்னதை மாப்பிள்ளை நம்பவில்லை. இன்னொருவரிடம் கேட்டான். அவரும் அதையேதான் சொன்னார். அவ்வளவு பெரிய இரும்பு மூச்சு விடுகிறது என்பதை நினைக்க நினைக்க அவனுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

சோதனை நாள் வந்தது. தடிமனான இரண்டு இரும்புப் பலகைகளை நிமிர்த்தி வைத்து ஒட்ட வேண்டும். ஒட்டிய இடத்திலிருந்து பட்டைகளாக அறுத்து இயந்திரத்தில் வைத்து வளைப்பார்கள். பிளக்காமல் வளைந்தால் வேலை. போர்மேன் நெட்டையான மனிதர். கழுத்து மட்டும் தனியாக ஒரு முழம் இருக்கும். சலூனில் எல்லோரும் அவரை ஒட்டகச்சிவிங்கி என்றுதான் சொன்னார்கள். அவளை நன்றாகத்தான் நடத்தினார். அவசரப்படாம செய்யுங்க என்றாராம்.

அவள் சாயங்காலம் திரும்பி வந்து வாசல்படியில் உட்கார்ந்தபோதே மாப்பிள்ளைக்குப் புரிந்துவிட்டது. வாடிக்கையாளரைப் பாதித் தலையோடு விட்டுவிட்டு வெளியே வந்தான். பட்டை வளையும்போது நடுவில் பிளந்துவிட்டது என்றாள். மேலே பார்க்க அழகாக இருந்ததாம். அடியில் இரும்பும் இரும்பும் கலக்கவே இல்லையாம். இத்தனை வருஷமாக மெல்லிய கம்பியையும் தகட்டையும் ஒட்டிப் பழகிய கை. இவ்வளவு தடிமனில் அடியாழம் வரைக்கும் நெருப்பு இறங்கவேண்டும் என்பது அதற்குத் தெரிந்திருக்கவில்லை.

மாப்பிள்ளைக்கு உள்ளுக்குள் ஏதோ ஒரு மூலையில், நல்லவேளை, இனி திரும்பிவிடலாம் என்று ஓர் ஆறுதல் எட்டிப்பார்த்தது. பழைய சலூன் முதலாளி மறுபடி சேர்த்துக்கொள்வார், வேறு வீடு பார்த்துக்கொள்ளலாம் என்று மெதுவாக ஆரம்பித்தான்.

அவள் முடிக்கவிட்டாள். பிறகு சொன்னாள். "குறை என் கையிலதான் இருக்கு. அதனாலதான் எனக்குப் பயம் இல்ல. வேற யார்கிட்டயாவது இருந்திருந்தா நான் என்ன பண்ணியிருக்க முடியும்? என் கைதானே, நான் சொன்னா கேக்கும்."

மாப்பிள்ளை அவளையே பார்த்தான். அழுதிருந்தாள் என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் அந்த முகம் வந்த வழியில் திரும்பிப் போகிற முகம் இல்லை. தோற்றுவிட்டு வந்து வாசல்படியில் உட்கார்ந்திருக்கிற ஒருத்தியைப் பார்த்து இவ்வளவு மலைப்பு வரும் என்று அவன் நினைத்ததில்லை. உள்ளேயிருந்து, "அண்ணே, மீதிப் பாதி?" என்று வாடிக்கையாளர் கேட்டார். போய் வெட்டினான்.

மறுசோதனைக்கு ஒரு மாதம் இருந்தது. பழகுவதற்கு இடம் வேண்டும். அதையும் மாமியார்தான் பிடித்தார். பகலெல்லாம் பெஞ்சில் உட்கார்ந்து துண்டு மடித்துக்கொண்டே வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் பூர்வோத்தரம் விசாரித்து வைத்திருந்தார். ஆற்றோரமாகப் படகுகளுக்கு நங்கூரமும் இரும்புச் சட்டமும் செய்கிற பட்டறைக்காரர் ஒருவர் சவரத்துக்கு வருவார். அவருக்குத் தடித்த இரும்பில் கை பழகிய ஆள் தேவை. இவளுக்குக் கை பழகத் தடித்த இரும்பு தேவை. முகத்தில் நுரையோடு அவர் பேச முடியாமல் கிடந்த சமயத்தில் மாமியார் பேச்சை முடித்துவிட்டார். அவர் தலையாட்டியதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

அவள் பகலில் பட்டறை வேலையைச் செய்தாள். வேலை முடிந்ததும் துண்டு இரும்புகளைப் பொறுக்கி ஒட்டி ஒட்டி அறுத்துப் பார்த்தாள். கையில் புதிதாகச் சூட்டுத் தழும்புகள் வந்தன. நாற்காலியில் சாய்ந்து தூங்கும்போதும் மணிக்கட்டு லேசாக அசையும்.

சலூனுக்கு விடுமுறையான ஒரு நாள் மத்தியானம் மாப்பிள்ளை அவளுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனான். வெல்டிங் வெளிச்சத்தைப் பார்க்கக்கூடாது என்று கல்யாணமான புதிதில் அவள் சொல்லியிருந்தாள், அதனால் அவன் எப்போதுமே முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்பான். அன்றும் அப்படியே நின்றான். அவள் அதைப் பார்த்துவிட்டு, பட்டறைக்காரரின் முகமூடியை எடுத்து நீட்டினாள்.

"போட்டுக்கோங்க. என்னதான் பண்றேன்னு நீங்க ஒரு தடவையாவது பாக்கணும்."

போட்டான். ஒரே இருட்டு. தன் கையே தெரியவில்லை. பட்டறை, ஆறு, பகல் எல்லாம் அணைந்துவிட்டன. பிறகு ஒரு சொடுக்கு. இருட்டின் நடுவில் பச்சை நிறத்தில் ஒரு சின்னச் சூரியன் பிறந்தது.

கண் கூசும், பொறி பறக்கும் என்றுதான் அவன் நினைத்திருந்தான். அங்கே ஒரு அவசரமும் இல்லை. சூரியனுக்குக் கீழே இரும்பு தண்ணீராகித் தளும்பியது. கண்ணீர்த்துளி அளவுக்கு ஒரு குளம். அந்தக் குளத்துக்குக் கரை இருந்தது, அலை இருந்தது. அவள் கை நகர நகர அது கூடவே நகர்ந்தது. முன்பக்கம் இரண்டு பலகைகளின் விளிம்புகளும் உருகி அதற்குள் இறங்கின. பின்பக்கம் அது ஆறி, மீன் செதில் மாதிரி அடுக்கடுக்காக உறைந்தது. எது இந்தப் பலகை, எது அந்தப் பலகை என்று அதன் பிறகு யாராலும் சொல்ல முடியாது. அவ்வளவு நெருப்புக்குப் பக்கத்தில் அவள் கை ஒரு குழந்தைக்குத் தலைவாருகிற நிதானத்தில் போய்க்கொண்டிருந்தது.

வெளிச்சம் அணைந்தது. அவன் முகமூடியைக் கழற்றவில்லை. இருட்டுக்குள்ளேயே நின்றான். இத்தனை வருஷமும் அவள் வேலை முடிந்து களைத்து வருவாள், சட்டையில் பொத்தல் இருக்கும், அவன் தேநீர் போட்டுக் கொடுப்பான். அவள் இங்கே போய்விட்டுத்தான் வருகிறாள் என்பது அவனுக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது.

"என்னங்க, கண்ணு கூசுதா?" என்று அவள் கேட்டாள்.

"இல்ல" என்றான். சற்றுப் பொறுத்து, "இன்னொரு தடவை" என்றான்.

மறுசோதனை அன்று சலூன்காரர் தாமாகவே கடையைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி அவனை அனுப்பிவைத்தார். கம்பிவேலிக்கு வெளியே மாப்பிள்ளையும் மாமியாரும் நின்றார்கள். வளைக்கிற இயந்திரம் வேலிக்குப் பக்கத்திலேயே ஒரு கொட்டகையில் இருந்தது. போர்மேன் பட்டையை வைத்து விசையை அழுத்தினார். இரும்பு அவ்வளவு மெதுவாக வளையும் என்று மாப்பிள்ளை நினைக்கவில்லை. முனகிக்கொண்டே, மனசில்லாமல், கொஞ்சம் கொஞ்சமாக வளைந்தது. மாமியார் அவன் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். நகம் பதிந்தது. வளைந்து வளைந்து, கடைசியில் பட்டை குதிரை லாடம் மாதிரி இரண்டாக மடிந்து நின்றது.

போர்மேன் அதை எடுத்தார். நீண்ட கழுத்தைக் குனிந்து, வளைவின் மேல் கட்டைவிரலை வைத்துத் தடவினார். வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். மறுபடி தடவினார்.

"மயிரிழை விரிசல்கூட இல்ல" என்றார்.

வாழ்நாள் முழுக்க மயிரோடு பழகிய மாப்பிள்ளைக்கு அந்தச் சொல் அவ்வளவு இனிப்பாக அதுவரை காதில் விழுந்ததில்லை.

அவளை நேரே பாலத்தின் மேலேதான் போட்டார்கள். இடுப்பில் கயிறு கட்டி, காற்று அடிக்கிற உயரத்தில். முதல் நாள் வேலை முடிந்து வந்தவள், கீழே பறவைகளின் முதுகு தெரிகிறது என்று மட்டும் சொன்னாள். பறவையின் முதுகைப் பார்த்த ஆள் தன் வம்சத்தில் இவள்தான் முதல் என்று மாமியார் பிறகு சலூனில் எல்லோரிடமும் சொன்னார்.

வீடும் அமைந்தது. கயிறும் வலையும் விற்கிற கடைக்கு மேலே ஓர் அறையும் சமையலறையும். குடியிருந்தவர்கள் காலி செய்வதாக சலூன்காரருக்குத் துப்புக் கிடைத்ததும் வெட்டிக்கொண்டிருந்த தலையை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய்ப் பேசிவைத்தார். படி செங்குத்து. சுவரில் ஈரம். தார்க்கயிற்றின் வாசம் கீழிருந்து எந்நேரமும் வந்தது. ஆனால் சமையலறை ஜன்னலைத் திறந்தால் ஆறு முழுவதும் தெரிந்தது. நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கிப் பழகிய உடம்புக்குத் தரையில் நீட்டிப் படுத்ததும் முதலில் தூக்கம் வரவில்லை. மூவரும் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்கள். மாமியார்தான் முதலில் சிரித்தார்.

கடைசித் துண்டை ஏற்றுகிற நாள் வந்தது. வெயில் பட்டால் இரும்பு நீண்டுவிடும் என்பதால் விடியலில்தான் பொருத்த வேண்டும். அன்று ஊரே கரையில் நின்றது. கிரேன்காரர்களின் மனைவிமார்கள், பெயிண்ட்காரர்களின் பிள்ளைகள், நங்கூரப் பட்டறைக்காரர், சலூனைப் பூட்டிவிட்டு வந்த சலூன்காரர். கிழக்கு சாம்பல் நிறத்தில் வெளுக்கத் தொடங்கியபோது, ஆற்றில் நின்ற தெப்பத்திலிருந்து அந்தத் துண்டு எழும்பியது. ஒரு வீட்டைவிடப் பெரியது. தண்ணீர் சொட்டச் சொட்ட, சத்தமே இல்லாமல் ஏறியது. ஒரு கைக்குழந்தை மட்டும் எங்கோ சிணுங்கியது, அதன் அம்மா அதைத் தோளில் தட்டுகிற சத்தம் கேட்டது.

துண்டு மேலே போய் இரண்டு கைகளுக்கும் நடுவில் நின்றது. கீழிருந்து பார்க்க, இடைவெளி தெரிந்தது. பிறகு நூல் மாதிரித் தெரிந்தது. பிறகு தெரியவில்லை. மேலே யாரோ ஒரு கொடியை அசைத்தார்கள். கரையில் இன்னும் யாரும் கை தட்டவில்லை. எல்லோரும் எதற்காகவோ காத்திருந்தார்கள்.

அப்போது அந்த நடுவில், ஊசிமுனை அளவுக்கு வெளிச்சம் ஒன்று மின்னியது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு வரிசையாக, பாலத்தின் அகலம் முழுக்க.

"அதுல எது நம்மவ?" என்று மாமியார் கேட்டார்.

மாப்பிள்ளைக்குத் தெரியவில்லை. நேராகப் பார்க்கக்கூடாது என்பதும் நினைவில்லை. அவ்வளவு தூரத்திலிருந்து பார்க்க அவை அணையாத விடிவெள்ளிகள் மாதிரி இருந்தன. அந்தக் குளமும் அதன் கரையும் இப்போது எப்படித் தளும்பும் என்று அவனுக்குத் தெரியும். அது போதுமாக இருந்தது. பக்கத்தில் நின்ற சலூன்காரர், சும்மாவே கண்ணில் தண்ணி வருது தம்பி என்று சொல்லித் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பாலம் திறந்த மறுவாரம் மூன்று பேரும் நடந்தே போனார்கள். நடைபாதை கடல் பக்கமாக இருந்தது. காற்று மாமியாரின் முந்தானையைப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது. நடுப்பகுதிக்கு வந்ததும் அவர் நின்று, எது நீ ஒட்டினது என்று கேட்டார். மகள் குனிந்து தேடினாள். எல்லாமே ஒரே சாம்பல் நிறம், ஒரே வழவழப்பு. கொஞ்சம் முன்னால் போனாள், பின்னால் வந்தாள். அவளுக்கே தெரியவில்லை.

"கண்டுபிடிக்க முடியலம்மா. அப்படித்தான் இருக்கணும்" என்றாள்.

அப்போது சரக்கு லாரி ஒன்று வந்தது. அது வருவதற்கு முன்பே பாதங்களுக்கு அடியில் ஓர் அதிர்வு வந்தது. பாலம் லேசாகத் தாழ்ந்து, லாரி போனதும் மெதுவாகத் தன்னிடத்துக்கு எழும்பியது. மாப்பிள்ளை பயந்து கைப்பிடியைப் பற்றினான். அசையத்தான் செய்யும், அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள் என்று அவள் சொன்னாள். மாமியார் எதையும் பிடிக்கவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வெறுங்காலை இரும்புத் தளத்தில் நன்றாக ஊன்றிக்கொண்டு, அடுத்த லாரிக்காகக் காத்து நின்றார்.